கிராபிக்ஸ் திறனா, கன்ட்ரோலரா: கேம் கன்சோலில் எதற்கு எடை அதிகம்?

வீடியோ கேம் விளையாடும் கருவியான கேம் கன்சோலை மதிப்பிடும்போது அதன் கிராபிக்ஸ் திறனை முதலில் பார்க்க வேண்டுமா, அல்லது அது ஆட்டக்காரரின் கையில் கொடுக்கும் புதிய கட்டுப்பாட்டு முறையைப் பார்க்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாட்டு முறைக்கே எடை அதிகம். ஆனால் புதுமை என்பது மட்டும் அதற்குத் தகுதி ஆகாது, ஆட்டக்காரர் நினைத்ததை அது பிசகாமல் திரைக்குக் கொண்டுபோக வேண்டும். கிராபிக்ஸ் திறனுக்கும் காலத்துக்குக் காலம் மாறும் ஒரு குறைந்தபட்ச மட்டம் உண்டு. அதற்குக் கீழே இருக்கும் கருவி, எவ்வளவு அருமையான கன்ட்ரோலரோடு வந்தாலும், சில ஆண்டுகளில் தள்ளாடத் தொடங்கிவிடும். இந்த இரண்டையும் ஒரே சந்தையில், ஒரே நேரத்தில் காட்டிய ஆண்டு 2006 என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரிலேயே வந்திருந்தது. 2006 நவம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் 3, நின்டெண்டோவின் வீ ஆகிய இரண்டும் இரண்டு நாள் இடைவெளியில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. பிளேஸ்டேஷன் 3 இரண்டு வகைகளில், 499 டாலருக்கும் 599 டாலருக்கும் விற்றது. வீயின் விலை 250 டாலர். ஐபிஎம், தோஷிபா நிறுவனங்களோடு சேர்ந்து சோனி உருவாக்கிய செல் செயலி 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. ப்ளூ-ரே டிரைவும் எச்டி படமும் கூடவே வந்தன. அந்த விலைக்கு விற்றும் ஆரம்பத்தில் ஒவ்வொரு கருவியிலும் சோனிக்கு நட்டம்தான். வீயின் செயலியோ 729 மெகாஹெர்ட்ஸ், அதன் கிராபிக்ஸ் சிப் 243 மெகாஹெர்ட்ஸ். நின்டெண்டோவின் முந்தைய கருவியான கேம்க்யூபின் சிப்புகளை ஏறக்குறைய அதே அமைப்பில் ஒன்றரை மடங்கு வேகப்படுத்தியது போன்ற கணக்கு அது. வீடுகளில் எச்டி தொலைக்காட்சி நுழைந்துகொண்டிருந்த காலத்தில் வீ 480 வரிப் படத்தோடு நின்றுகொண்டது. பழைய சரக்குக்குப் புது உறை போட்டு விற்கிறார்கள் என்று அன்று கேலி பேசியவர்கள் தொழில்நுட்ப அளவில் தவறாக எதையும் சொல்லவில்லை.

ஆனால் விற்பனை வேறு கதை சொன்னது. கேம்க்யூப் தன் ஆயுளில் சுமார் 2.17 கோடி விற்றிருந்தது. வீ 10 கோடியைத் தாண்டியது. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டும் தனித்தனியே எட்டரைக் கோடியை ஒட்டி நின்றன. இந்த வேறுபாட்டில் விலைக்கும் பங்கு உண்டு. இருந்தாலும் கேம்க்யூபும் மலிவான கருவிதான் என்பதால், விலையை மட்டும் காரணமாகக் காட்டி இதை விளக்கிவிட முடியாது.

வீயின் கன்ட்ரோலரான வீ ரிமோட் உண்மையில் என்ன செய்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியின் மேல் வைக்கும் பட்டைக்கு சென்சார் பார் என்று பெயரே தவிர, அதற்குள் சென்சார் எதுவும் கிடையாது. இரு முனைகளிலும் அகச்சிவப்பு எல்இடிகள் மட்டுமே இருக்கும். (அவற்றுக்குப் பதிலாக இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தாலும் வேலை செய்யும் என்பதைப் பலர் செய்து பார்த்திருக்கிறார்கள்.) கேமரா ரிமோட்டின் முனையில் இருந்தது. அந்த இரண்டு ஒளிப்புள்ளிகளும் தன் பார்வையில் எங்கே விழுகின்றன என்பதைக் கொண்டு, ரிமோட் திரையில் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று கருவி கணக்கிட்டது. கை அசைவை அறிய ஒரு முடுக்கமானி (அக்சலரோமீட்டர்) இருந்தது. வீ ஸ்போர்ட்ஸின் பௌலிங்கில் பி பட்டனை அழுத்திப் பிடித்தபடி கையைப் பின்னுக்குக் கொண்டுபோய், முன்னால் வீசி, பந்து கையை விட்டுப் போக வேண்டிய கணத்தில் பட்டனை விட வேண்டும். மணிக்கட்டைச் சற்றுத் திருப்பினால் பந்து வளைந்து ஓடும். வாழ்நாளில் கன்ட்ரோலரைத் தொடாத தாத்தா பாட்டிகளுக்கும் இதைக் கற்றுக்கொடுக்க அரை நிமிடம் போதும். ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் இந்த விளையாட்டைக் கருவியோடு இலவசமாகச் சேர்த்துக் கொடுத்ததும் அதனால்தான். பெட்டியைப் பிரித்த உடனேயே கருவியின் நோக்கம் வீட்டிலுள்ள எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அதே வீ ஸ்போர்ட்ஸில் இருந்த டென்னிஸ் இதன் எல்லையையும் காட்டியது. அதில் ஆட்டக்காரரின் கால்கள் நம் வசம் இல்லை. பாத்திரம் தானே பந்தை நோக்கி ஓடும், மட்டையைச் சுழற்றும் நேரம் மட்டுமே நம்முடையது. முடுக்கமானி அளப்பது முடுக்கத்தைத்தான். கை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பதை வேகமான வீச்சின் நடுவில் அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே தொடக்க ஆண்டுகளின் பல வீ விளையாட்டுகளில், பழைய கன்ட்ரோலரில் ஒரு பட்டன் செய்த வேலையை ரிமோட்டைக் குலுக்குவது செய்தது, அவ்வளவுதான். முதலில் கேம்க்யூபுக்காக உருவான, நின்டெண்டோவின் செல்டா என்ற சாகசத் தொடரின் விளையாட்டான ட்வைலைட் பிரின்செஸில் வாள்வீச்சு அப்படித்தான் இருந்தது: எப்படிக் குலுக்கினாலும் வாள் தனக்குத் தெரிந்த வீச்சையே வீசும். பட்டனைவிட இது தாமதமானது, கைக்கும் அலுப்பு. புதுமைக்காகப் புதுமை என்று விமர்சகர்கள் எரிச்சலடைந்ததில் நியாயம் இருந்தது.

2009-இல் வீ மோஷன்பிளஸ் என்ற துணைக்கருவி வந்து, அதிலிருந்த கைரோஸ்கோப் (சுருக்கமாகக் கைரோ) கோணத்தையும் அளக்கத் தொடங்கியது. 2011-இல் வந்த ஸ்கைவேர்ட் ஸ்வோர்ட் இதை முழுதாக நம்பிக் கட்டப்பட்ட செல்டா விளையாட்டு. அதில் ஒரு மாமிசச் செடி வாயை நெடுக்காகப் பிளந்தால் வாளை நெடுக்காகவும், குறுக்காகப் பிளந்தால் குறுக்காகவும் வீச வேண்டும். மாற்றி வீசினால் வெட்டு விழாது. முதல் நாளில் வாங்குபவருக்குக் கொடுத்த வாக்கு ஐந்தாண்டுகள் கழித்துத்தான் நிறைவேறியது என்று சொல்லலாம். ஆனால் அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் மட்டும் சுமார் 2.6 கோடி வீ விற்றிருந்தது. 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் அது ஒரு கோடிக்கும் கீழே இறங்கியிருந்தது.

இந்தச் சரிவுக்கு அலுப்பு ஒரு காரணம். திறன் குறைவு அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. எக்ஸ்பாக்ஸுக்கும் பிளேஸ்டேஷனுக்கும் சேர்த்து ஒரு விளையாட்டை எழுதும் நிறுவனம், அதே விளையாட்டை வீக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் அடித்தளத்திலிருந்து திரும்பவும் கட்ட வேண்டியிருந்தது. பலர் கட்டவில்லை. 2008-இல் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4 வீக்கு வரவே இல்லை. கால் ஆஃப் டியூட்டி 4 இரண்டு ஆண்டுகள் தாமதமாக வந்தது. கேப்காமின் டெட் ரைசிங் இன்னும் தெளிவான உதாரணம். எக்ஸ்பாக்ஸ் 360-இல் அந்த விளையாட்டின் சாரமே வணிக வளாகம் முழுக்க நெருக்கியடித்து நிற்கும் ஜாம்பிக் கூட்டம்தான். கையில் கிடைத்த பெஞ்சையோ புல்வெட்டும் எந்திரத்தையோ வைத்து அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வழி உண்டாக்க வேண்டும். 2009-இல் வீக்கு வந்தபோது கூட்டம் மெலிந்துவிட்டது, வளாகத்தில் சாவகாசமாக நடந்து போகலாம் என்ற நிலை. படம் மங்கலாகத் தெரிந்திருந்தால் சகித்துக்கொண்டிருக்கலாம், போனது விளையாட்டே. கிராபிக்ஸ் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் திறன், அழகை மட்டும் தருவதில்லை. திரையில் எத்தனை பேர் உயிரோடு நடமாடலாம், உலகம் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பவற்றையும் அதுவே தீர்மானிக்கிறது.

கட்டுப்பாட்டு முறையில் நடந்த மாற்றங்களிலேயே பெரியது எது என்று கேட்டால், நான் வீ ரிமோட்டைச் சொல்ல மாட்டேன். 1996-இல் நின்டெண்டோ 64 கருவியோடு வந்த அனலாக் ஸ்டிக்கை, அதாவது கட்டைவிரலால் எந்தப் பக்கமும் வேண்டிய அளவு சாய்க்கும் சிறு குச்சியைச் சொல்வேன். அதற்கு முன்பு ஆட்சி செய்தது கூட்டல் குறி வடிவத் திசைப் பட்டன். நின்டெண்டோவின் பொறியாளர் குன்பேய் யோகோய் 1982-இல் டாங்கி காங் என்ற கையடக்க விளையாட்டுக்காக வடிவமைத்த அந்தப் பட்டன், மறு ஆண்டு ஃபாமிகாம் கருவிக்குப் போய், அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. (தொண்ணூறுகளில் நம் ஊர்களில் டிவி கேம் என்று விற்ற கேசட் கருவிகளில் பெரும்பாலானவை ஃபாமிகாமின் நகல்கள் என்பதால், நம்மில் பலருடைய கட்டைவிரல் முதலில் பழகியதும் அதே பட்டனில்தான்.) அது எட்டுத் திசைகளை அறியும், ஆனால் அழுத்தினால் உண்டு, விட்டால் இல்லை, இடைப்பட்ட நிலை கிடையாது. பக்கவாட்டில் ஓடும் தட்டையான உலகத்துக்கு அது போதும்.

முப்பரிமாண உலகத்தைக் கணக்கிடும் சிப்புகள் வந்தபோது அது போதவில்லை. சூப்பர் மரியோ 64-இல் ஒரு கோட்டையில் மாமிசச் செடி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். ஸ்டிக்கை நூலளவு சாய்த்தால் மரியோ நுனிக்காலில் பதுங்கி நடப்பான், செடி விழிக்காது. கொஞ்சம் கூடச் சாய்த்து ஓடினால் விழித்துக் கடிக்க வரும். கட்டைவிரல் எவ்வளவு சாய்ந்தது என்பதே இங்கே சவால். இதைப் பழைய பட்டனில் செய்ய முடியாது. செய்ய முயன்றால் நடக்க ஒரு பட்டன், பதுங்க ஒரு பட்டன் என்று பிரித்துத்தான் வைக்க வேண்டும், அப்போது கைக்குத் தானாக வரும் நுட்பம் மனப்பாடமாகிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, சிப்பும் ஸ்டிக்கும் ஒன்றுக்கொன்று வேலை கொடுத்தன என்பது. 3டி திறன் இல்லையென்றால் ஸ்டிக்குக்கு வேலை இல்லை. ஸ்டிக் இல்லையென்றால் அந்த 3டி உலகத்தில் நடமாடுவது சள்ளை. திறன் ஒரு புதிய தேவையை உண்டாக்கும்போது அதன் மதிப்பு மிக அதிகம். ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததையே இன்னும் பளிச்சென்று காட்டும்போது அதன் மதிப்பு குறைவு. பிளேஸ்டேஷன் 4-இலிருந்து 5-க்குப் போனபோது பலருக்குப் பெரிய வேறுபாடு தெரியாமல் போனதற்கும், தெரிந்தவர்களில் பலர் படத்தைவிட எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தின் வேகத்தையே முதலில் பாராட்டியதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த முதல் ஸ்டிக் குறையில்லாத பொருளும் அல்ல. அதன் பிளாஸ்டிக் அடித்தண்டு தான் உட்காரும் கிண்ணத்தில் உரசி உரசி வெள்ளைப் பொடியாகத் தேயும். தேய்ந்த ஸ்டிக் தொய்ந்து ஆடும். மரியோ பார்ட்டி விளையாட்டின் சில போட்டிகளில் ஸ்டிக்கை வேகமாகச் சுழற்ற வேண்டியிருந்ததால், பிள்ளைகள் உள்ளங்கையை வைத்து அழுத்திச் சுழற்றித் தோலை உரித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் புகார் எழுந்து, பாதுகாப்புக் கையுறை தர நின்டெண்டோ ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆனால் யோசனை வென்றுவிட்டது. சோனி 1997-இலேயே இரண்டு ஸ்டிக்குகளோடு கன்ட்ரோலரை வெளியிட்டது. 1999-இல் வந்த ஏப் எஸ்கேப் அந்த இரண்டும் இல்லாமல் விளையாடவே முடியாத விளையாட்டாக அமைந்தது. 2001-இல் எக்ஸ்பாக்ஸில் வந்த சுடும் விளையாட்டான ஹேலோ, இடது ஸ்டிக்கில் நடப்பதும் வலது ஸ்டிக்கில் பார்ப்பதும் என்ற பழக்கத்தை எல்லாருக்கும் நிலைநாட்டியது. சோனியின் கன்ட்ரோலர்களான 1997-இன் டூயல்ஷாக்கையும் 2020-இன் டூயல்சென்ஸையும் அருகருகே வைத்தால், முன்னதைப் பழகிய கை பின்னதில் ஒரு பட்டனையும் தேட வேண்டியிருக்காது. சிப்புகள் அடையாளம் தெரியாமல் மாறிவிட்ட அதே காலத்தில், கட்டைவிரல்கள் உட்காரும் இடம் மாறவில்லை. ஒரு கட்டுப்பாட்டு முறை உண்மையிலேயே வென்றால் அது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாகிவிடும், யாரும் அதைப் புதுமை என்று நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே கண்டுபிடித்த நிறுவனத்துக்கு அதனால் கிடைக்கும் ஆதாயம் சில ஆண்டுகளுக்குத்தான்.

தோற்ற புதுமைக்கு உதாரணம், உடல் அசைவைக் கேமராவால் அறியும் கினெக்ட். 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-க்குத் துணைக்கருவியாக வந்தபோது முதல் 60 நாட்களில் 80 லட்சம் விற்றது. கன்ட்ரோலரே வேண்டாம், உங்கள் உடம்பே கன்ட்ரோலர் என்பது விளம்பரம். ஆனால் கையில் எதுவும் இல்லையென்றால் பாத்திரத்தை முன்னே நடக்கவைப்பது எப்படி? வரவேற்பறையில் இரண்டடி நடந்தால் சுவர் இடிக்கும். அழுத்தினோம் என்ற உறுதியைத் தரும் பட்டன் கிடையாது; உடம்பு அசைந்ததற்கும் திரை அசைந்ததற்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் தாமதம் வேறு. நடனத்துக்கு அது அற்புதமாகப் பொருந்தியது. டான்ஸ் சென்ட்ரல் விளையாட்டை இன்றும் பாராட்டலாம். மற்றவற்றில் பெரும்பாலானவை அந்தக் கேமராவுக்காக வளைக்கப்பட்ட விளையாட்டுகள். அப்படியிருந்தும் 2013-இல் மைக்ரோசாஃப்ட் அதை எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியோடு கட்டாயமாகச் சேர்த்து 499 டாலர் என்று விலை வைத்தது. சோனி 399 டாலருக்கு பிளேஸ்டேஷன் 4-ஐ வைத்தது. அதன் கிராபிக்ஸ் திறன், சிப்பின் கணக்கிடும் வேகத்தை அளக்கும் டெராஃப்ளாப்ஸ் அலகில் 1.84, எதிரியுடையது 1.31. அடுத்த ஆண்டு ஜூனிலேயே கினெக்ட் இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன் 399 டாலருக்கு வந்துவிட்டது. திறன் அதிகமான கருவி தன் தலைமுறைக் கருவிகளின் போட்டியை வென்றது என்பதற்கு பிளேஸ்டேஷன் 4-ஐ எடுத்துக்காட்டுபவர்கள், எதிராளி நூறு டாலரை எதற்காகக் கூடுதலாகக் கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மற்றத் தலைமுறைகளைப் பார்த்தால், திறனில் முதலிடம் பிடித்த கருவியே விற்பனையிலும் முதலிடம் பெற்ற நிகழ்வுகள் அரிது. பிளேஸ்டேஷன் 2-ஐவிட எக்ஸ்பாக்ஸும் கேம்க்யூபும் வலிமையானவை. விற்பனையில் இரண்டும் அதன் அருகில்கூட வரவில்லை. கையடக்கக் கருவிகளில், நான்கு சாம்பல் சாயல்களே காட்டிய நின்டெண்டோவின் கேம் பாய், வண்ணத் திரை கொண்ட சேகாவின் கேம் கியரைத் தோற்கடித்தது. காரணம் கன்ட்ரோலர் அல்ல, ஆறு பேட்டரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தின்று தீர்க்கும் கருவியைப் பிள்ளைகளுக்கு எந்தப் பெற்றோர் தொடர்ந்து வாங்கிக் கொடுப்பார்கள்? சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பியைவிடப் பலவீனமான நின்டெண்டோ டிஎஸ், தொடுதிரையோடு 15 கோடியைத் தாண்டியது. ஆயினும் தொடுதிரை என்ற சொல்லே மந்திரம் அல்ல: 6.2 அங்குலத் தொடுதிரையைக் கன்ட்ரோலரிலேயே பதித்து 2012-இல் வந்த வீ யூ 1.36 கோடியோடு முடிந்தது. தொலைக்காட்சியையும் கையிலுள்ள திரையையும் மாறி மாறிப் பார்ப்பதற்கு வலுவான காரணம் ஒன்றை, நின்டெண்டோவின் சொந்த விளையாட்டுகளில்கூடச் சிலவே கொடுத்தன.

இந்த விவாதத்தில் பெரும்பாலும் விடுபடும் ஒரு தரப்பு உண்டு. விரல்களை முழுதாக அசைக்க முடியாதவருக்கு, இரண்டு ஸ்டிக்குகளும் பத்துக்கு மேற்பட்ட பட்டன்களும் கொண்ட வழக்கமான கன்ட்ரோலர் ஒரு பூட்டிய கதவு. 2018-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் உள்ளங்கை அளவில் இரண்டு பெரிய பட்டன்களும், பின்புறத்தில் வெளிச் சுவிட்சுகளைச் செருக 19 துளைகளும் இருக்கின்றன. காலால் மிதிக்கும் சுவிட்சையோ, தலையால் தட்டும் சுவிட்சையோ எந்தப் பட்டனாகவும் அமைத்துக்கொள்ளலாம். சோனி 2023-இல் ஆக்சஸ் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. இந்த ஆட்டக்காரர்களிடம் கிராபிக்ஸா கன்ட்ரோலரா என்று கேட்பதில் பொருளே இல்லை.

இன்றைய நிலைக்கு வருகிறேன். 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச், வீயிலிருந்தும் வீ யூவிலிருந்தும் சரியான பாடங்களைக் கற்ற கருவி என்பேன். அதன் டெக்ரா சிப், பிளேஸ்டேஷன் 4-ஐவிடத் தெளிவாகப் பலவீனமானது. ஆனால் அன்று தொழில் முழுக்கப் புழங்கிய அன்ரியல் போன்ற இன்ஜின்கள், அதாவது விளையாட்டுகளுக்கு அடித்தளமான மென்பொருள்கள், அதில் ஓடின. சொந்த இன்ஜின்களில் கட்டப்பட்ட டூம், விட்சர் 3 ஆகிய பெரிய விளையாட்டுகளும் முறையே அதே ஆண்டிலும் 2019-இலும் வந்து சேர்ந்தன. மங்கலாகத்தான் வந்தன, ஆனால் விளையாட்டு சேதமில்லாமல் வந்தது. குறைந்தபட்ச மட்டம் என்று நான் முதலில் சொன்னது இதைத்தான். அசைவுணரியை அது கைவிடவும் இல்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. சுடும் விளையாட்டான ஸ்ப்ளட்டூனில் பெரிய திருப்பத்துக்கு ஸ்டிக்கும் நுண்ணிய குறிக்குக் கைரோவும் என்று இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. பழகியவர்கள் ஸ்டிக்கை மட்டும் வைத்துக் குறிபார்க்கும் முறைக்குத் திரும்ப மறுக்கிறார்கள். ஸ்கைவேர்ட் ஸ்வோர்ட் 2021-இல் ஸ்விட்சுக்கு வந்தபோது, கையை வீச விரும்பாதவர் வலது ஸ்டிக்கைத் தள்ளியே வாளை வீசலாம் என்ற வசதியும் கூடவே வந்தது.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இல் நின்டெண்டோ ஆச்சரியப்படுத்தும் புதிய கன்ட்ரோலர் எதையும் முன்வைக்கவில்லை. கழற்றக்கூடிய கன்ட்ரோலரான ஜாய்-கானைப் பக்கவாட்டில் சாய்த்து மௌஸாகப் பயன்படுத்தும் வசதி உண்டு, ஆனால் கருவி விற்றது அதனால் அல்ல. அதே வடிவம், கூடுதல் திறன் என்பதே விற்றது, முதல் நான்கு நாட்களில் 35 லட்சம். கட்டுப்பாட்டுப் புதுமைக்குப் பெயர்போன நிறுவனமே திறன் பக்கம் சாய்ந்துவிட்டது என்று இதைப் படிக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. பழைய ஸ்விட்சில் செல்டா விளையாட்டான பிரெத் ஆஃப் தி வைல்ட் நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடியது, அதாவது ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லிநொடி. ஸ்விட்ச் 2 பதிப்பில் அது 60 ஃப்ரேம், ஏறத்தாழ 17 மில்லிநொடி. அம்பை நாணில் ஏற்றி, கன்ட்ரோலரை மெல்லத் திருப்பிக் குறியைச் சரிசெய்யும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடுகிறது. பழைய கருவியில் குறி கையைச் சற்றுப் பின்தொடர்ந்து வந்தது, இதில் கையோடு சேர்ந்தே நகர்கிறது. கன்சோல் வாங்கப் போகிறவர் கடையில் கேட்க வேண்டியது டெராஃப்ளாப்ஸ் கணக்கை அல்ல, தான் விளையாடப் போகும் விளையாட்டு அந்தக் கருவியில் எத்தனை ஃப்ரேமில், எவ்வளவு தடுமாறாமல் ஓடுகிறது என்பதை. முடிந்தால் ஐந்து நிமிடம் கையில் வாங்கி விளையாடிப் பார்ப்பது இன்னும் நல்லது.